சகாயராணியின் வலது காது

உங்களில் யாராவது ஒருவருக்கு, நான் இருபத்தாறு வருடம் விசில் ஊதிய மயிலாப்பூர் பெண்கள் பள்ளிக்கே வேலை உத்தரவு வரலாம். வந்தால், கையெழுத்துப் போடத் தலைமையாசிரியை அறைக்குப் போவீர்கள். அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும். நீல உடுப்பில் ஒரு பெண், கழுத்தில் தங்கப் பதக்கம், முகத்தைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பி நிற்பாள். வலது காது பூரி மாதிரி உப்பியிருக்கும். படம் எடுத்தவர் அதை மறைக்கத்தான் பார்த்தார். "இந்தப் பக்கம் திரும்பும்மா, காது அசிங்கமா தெரியுது" என்றார். நான்தான் குறுக்கே புகுந்து, "இல்ல சார், அந்தக் காது தெரியணும்" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன்.

புதிதாக வரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயன்படும்படி எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுதுவார்கள். எழுதட்டும், படித்துப் பயன் பெறுங்கள். என்னிடமும் கோப்பை உண்டு. ஆனால் பேனாவை எடுத்தால் அந்தக் காதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு வரி எழுத முடியவில்லை.

நான் கபடிக்காரி. மல்யுத்தத்தில் இரண்டு பேர் மோதுவார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் தெரியும். கபடிக்கும் கைப்பந்துக்கும் பள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். பெண்கள் மல்யுத்தத்துக்குப் பெயர் கொடுக்க ஆள் இருக்காது. சில எடைப் பிரிவுகளில் இரண்டே பேர்தான் வருவார்கள். ஒருத்தியை இறக்கிவிட்டால் தோற்றாலும் வெள்ளி. பதக்கத்துக்குப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் கேடயம். இந்தத் தந்திரம் உங்களுக்கும் வேலையில் சேர்ந்த முதல் வருடமே பிடிபட்டுவிடும், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கணக்கில் நானும் மல்யுத்தப் பயிற்சியாளர் ஆனேன்.

பிடிகளைச் சொல்லிக்கொடுக்க ராயப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். ஒரு சந்துக்குள் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் பயில்வான் பாய். பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. இரண்டு காதுகளும் மடலே இல்லாமல் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். காது உடையாதவன் பயில்வானே இல்லை என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. உடைந்த காதை மீசை மாதிரி தடவிக்கொண்டு திரிவார்கள். பாய்க்கு அந்தப் பெருமை கிடையாது. யார் பேச வந்தாலும் தலையைத் திருப்பி, "இந்தப் பக்கம் வாங்க, அந்தப் பக்கம் கேக்காது" என்பார்.

வந்த முதல் நாளே அவர் என்னிடம் சொன்னார். "மேடம், கை ஒடிஞ்சா நான் கட்டிடுவேன். கால் பிசகினா உருவி வுட்டுடுவேன். காத மட்டும் என்கிட்ட கொண்டாராதீங்க. காதுக்குக் கட்டு கிடையாது. காதுல போட்டுக்கறதுக்கு மூடி மாதிரி ஒண்ணு விக்கிறாங்க. அத மொதல்ல வாங்குங்க."

நான் வாங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் விளையாட்டுச் சாமான் பட்டியல் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் முதுகில் பள்ளிப் பெயர் அச்சடித்த டிராக்சூட் என்றுதான் எழுதினேன். கேடயம் வாங்க மேடை ஏறும்போது பெயர் தெரிய வேண்டும் அல்லவா.

சகாயராணி ஒன்பதாம் வகுப்பில் எங்களிடம் வந்து சேர்ந்தாள். சாந்தோம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அம்மா லூர்து, கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவர். ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி அந்தப் பெண்ணின் தோள் பதினான்கு வயதிலேயே என் தோளை விட அகலம். எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"போலீசுக்குப் போவணும் மிஸ். ஸ்டேட்ல மெடல் வாங்கினா கோட்டாவுல எடுத்துப்பாங்களாம்."

"போலீசுக்குப் போய் என்ன பண்ணப் போற?"

"ரோட்ல கடை போடாதன்னு வந்து எங்கம்மா கூடைய எட்டி ஒதைச்சாங்க மிஸ். வஞ்சரம் எல்லாம் மண்ணுல. நான் யூனிபார்ம் போட்டுகினு பக்கத்துல நின்னா எவனாவது ஒதைப்பானா?"

அவ்வளவுதான் அவள் ஆசை. ஒலிம்பிக், உலகம் என்றெல்லாம் அவள் ஒரு நாளும் பேசியதில்லை. அம்மா கூடையை யாரும் உதைக்கக் கூடாது, அதற்கு ஒரு காக்கிச் சட்டை வேண்டும், அதற்கு ஒரு பதக்கம் வேண்டும்.

முதல் போட்டிக்கு லூர்து வந்திருந்தார். காதில் எதுவும் போட்டுக்கொண்டு ஆடக் கூடாது என்று நடுவர் சொன்னார். லூர்து தன் கையாலேயே மகளின் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். "ஜெயிச்சிட்டு வா, போட்டு வுடறேன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் அதே வழக்கம்தான். அவள் ஜெயித்துவிட்டு வியர்வையோடு வந்து காதை நீட்டுவாள், அம்மா திருகாணியை முடுக்கிவிடுவார்.

ஜெயித்தாள். மூன்று வருடம் மண்டலத்தில் அவளை யாரும் கீழே தள்ளவில்லை. பாயே ஒரு நாள் என்னிடம், "மேடம், இது நான் சொல்லிக் குடுத்து வர்றது இல்ல. பொறப்புலயே கீது" என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலப் போட்டி சென்னையிலேயே நடந்தது. சாயங்காலம் அரையிறுதி. எதிராளி அவள் தலையை அக்குளில் இறுக்கிப் பிடித்துத் திருகினாள். சகாயராணி அதிலிருந்து நழுவி ஜெயித்துவிட்டாள். வெளியே வந்தபோது வலது காது உப்பிச் சிவந்து, தொட்டால் கொதித்தது.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா ஊசியால் இரத்தத்தை உறிஞ்சி எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுப் போட்டார். நர்ஸ் அவளுக்கு உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பத்து நாள் இந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது. விளையாட்டுப் பக்கமே விடாதீங்க. மறுபடி அடிபட்டு சீழ் பிடிச்சா காதும் சுருங்கிடும், கேக்கறதும் போயிடலாம்" என்றார். அதையே ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். நான் அந்தச் சீட்டை நான்காக மடித்துக் கைப்பையின் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

மறுநாள் காலை இறுதிப் போட்டி.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவள் இறுதிக்கு வந்துவிட்டாள். ஆடாமல் விட்டாலும் வெள்ளி அவளுக்குத்தான். அந்தப் போலீஸ் ஒதுக்கீட்டுக்கு வெள்ளியே போதும். விதியை நான் படித்திருந்தேன், எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத்தான் போதவில்லை. எங்கள் பள்ளிக்கு மாநில அளவில் தங்கம் வந்ததே இல்லை. தலைமையாசிரியை அன்று காலை வணக்கக் கூட்டத்திலேயே இந்த முறை தங்கம் நமக்குத்தான் என்று அறிவித்துவிட்டார். பேப்பரில் பயிற்சியாளர் என்று என் பெயர் வரும். இதையெல்லாம் நான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

வாசலில் லூர்து காலி மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இன்னா மிஸ்ஸு, டாக்டரு இன்னா சொன்னாங்க? பயப்படறா மாதிரி ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல லூர்து. சாதாரண வீக்கம். ரெண்டு நாள்ல வத்திடும்."

"நாளிக்கு ஆடலாமா?"

"தாராளமா ஆடலாம்."

"நீ சொன்னா சரிதான் மிஸ்ஸு. எனக்கு மீன தவிர இன்னா தெரியும்?" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீன் வாசம் வீட்டுக்குப் போன பிறகும் என் கையில் இருந்தது.

மறுநாள் காலையில் கட்டோடு ஆட விடமாட்டார்கள் என்று தெரிந்து, உடை மாற்றும் அறையில் நானே கத்தரிக்கோலால் கட்டை வெட்டிப் பிரித்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பாய் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய காதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்ட யாரு அவுத்தது?"

"நான்தான் பாய். டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டாங்க."

"எந்த டாக்டரு?" என்றார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வெள்ளி போதும் மேடம். பொண்ணு காது" என்றார். போட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது பாய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பள்ளிக்கு வரவில்லை. பாராட்டு விழாவில் அவருக்குப் போட எடுத்துவைத்த பொன்னாடையை அவருடைய கடைக்கே கொண்டுபோனேன். வாங்க மறுத்துவிட்டார்.

அந்தப் போட்டி முழுக்க எதிராளி அந்தக் காதின் மேலேயே தலையை வைத்து அழுத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அப்படித்தான் ஆடச் சொல்லியிருப்பேன். சகாயராணி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கடைசி நிமிடத்தில் எதிராளியைத் தூக்கிப் போட்டுத் தோளை மல்யுத்தப் பாயில் அழுத்தினாள். தங்கம். நான் குழந்தை மாதிரி குதித்தேன். அம்மா முந்தானையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். இடது காதில் தோடு ஏறியது. வலது காதில் துவாரத்தையே காணவில்லை. "வத்தினதும் போட்டுக்கலாம்" என்று நான் சொன்னேன். அன்று மதியம்தான் அந்தப் படத்தை எடுத்தோம்.

ஒரு வாரத்தில் சீழ் பிடித்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார முடியவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். அறுவை செய்தார்கள். காது சுருண்டு, காதுக் குழியும் உள்ளுக்குள் சுருங்கி அடைத்துக்கொண்டது. பெரிய நிபுணர் ஒருவரிடம் நானே கூட்டிப்போனேன், தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக. அவர் கேட்டார், "முதல்ல பாத்த டாக்டர் ஓய்வுல இருக்கச் சொல்லலையா?" சகாயராணி என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல டாக்டர், ஒண்ணும் சொல்லல" என்றேன். முன்பு சொன்ன பொய்கள் அவசரத்தில் வந்தவை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொய்யைச் சொன்னபோது எந்த அவசரமும் இல்லை.

அடுத்த வருடம் நடந்ததையும் கேளுங்கள். மல்யுத்தத்துக்குப் பெயர் கொடுக்க முப்பது பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் அந்தப் படத்தின் மகிமை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு நாள் சாமான் அறையில் சுருட்டி வைத்த மல்யுத்தப் பாயின் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மண்டியிட்டு, காதைப் பாயின் முரட்டு ஓரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்து தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"என்னடி பண்றீங்க?"

"ராணி அக்கா மாதிரி காது வரணும் மிஸ். அப்பத்தான் ஜெயிக்க முடியும்னு சொல்றாங்க. நீங்களே படம் எடுக்கறப்போ காது தெரியணும்னு சொன்னீங்களாமே."

நான் அவளை அறைந்துவிட்டேன். அந்த அறை எனக்கு விழ வேண்டியது. அன்றே தலைமையாசிரியையிடம் போய்ப் படத்தைக் கழற்றிவிடச் சொன்னேன். "பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரே தங்கம் டீச்சர், அதையும் கழட்டணுமா?" என்றார். காரணம் கேட்டார். காரணத்தைச் சொன்னால் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காதுக் கவசம் வாங்கி மாட்டிவிட்டேன். மிஸ் தலை மறைந்ததும் கழற்றிவிடுவார்கள். மூன்று பிள்ளைகளுக்குக் காது போயிற்று. நான் அறிந்து மூன்று.

காவலர் தேர்வு வந்தது. தங்கப் பதக்கத்துக்காக ஒதுக்கீட்டில் அவளைக் கூப்பிட்டார்கள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள், கயிறு ஏறினாள். கடைசியாக உடல் பரிசோதனை. அன்று மத்தியானம், சட்டையில் குத்திய எண் அட்டையோடு நேராகப் பள்ளிக்கு வந்தாள். மைதானத்து வேப்ப மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ண கட்டிட்டு, ஒவ்வொரு காதா பொத்த சொல்லி, பின்னால நின்னு பேசினாங்க மிஸ். இடது பக்கம் சொன்னது எல்லாம் சொல்லிட்டேன். வலது பக்கம் பேசினாங்களான்னே தெர்ல. கண்ண அவுத்து வுட்டப்போ அவங்களே பாவமா பாத்தாங்க."

அவள் அழவில்லை. எண் அட்டையைக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, வளைத்து, நிமிர்த்தி, திரும்ப வளைத்துக்கொண்டிருந்தாள். நான் கேன்டீனிலிருந்து மோர் வாங்கி வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா மிஸ்? நீங்க சொன்னா அது கேக்கும்" என்றாள். சொன்னேன். லூர்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எவ்ளோ பாடுபட்ட மிஸ்ஸு எம் பொண்ணுக்காக" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு வருடமாக நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பணி ஓய்வு விழாவில் சகாயராணியின் தங்கத்தைச் சொல்லித்தான் என்னைப் புகழ்ந்தார்கள்.

உங்களுக்குப் பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமே. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு உங்கள் கைப்பைக்குள் போகக் கூடாது. அது அந்தப் பிள்ளையின் அம்மா கையில் இருக்க வேண்டிய காகிதம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் உரக்கப் படித்துக் காட்டுங்கள், பிள்ளையும் கேட்கும்படி. அதற்குப் பிறகு ஆடுவதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். இவ்வளவு சின்ன வேலை அது. அதைச் செய்ய என்னால் முடியவில்லை. இன்றைக்கு யாராவது ஒருவர் இதைப் படித்துச் செய்தாலும் சகாயராணிக்குக் காது வரப் போவதில்லை. அதனால் இதை எழுதியதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

போன மாதம் என் பேத்திக்குக் காது குத்தத் தோடு வாங்கத் தி. நகரில் ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனேன். வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலாளிப் பெண் என்னைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தாள். நீலச் சட்டை, பெல்ட், தொப்பி. முடியை வலது காதின் மேல் இழுத்து வாரியிருந்தாள்.

"மிஸ்! இன்னா மிஸ் இந்தப் பக்கம்?"

"பேத்திக்குக் காது குத்து, ராணி."

"அப்டியா! திருகாணி கெட்டியா கீதான்னு பாத்து வாங்குங்க மிஸ். எங்கம்மா என் வலது பக்கத் தோட்ட இன்னும் முந்தானையிலதான் முடிஞ்சி வச்சிகினு கீது. பைத்தியம்" என்று சிரித்தாள். ஒரு வாடிக்கையாளரின் பையைத் திறந்து பார்த்து அனுப்பிவிட்டுத் தானாகவே சொன்னாள். "அன்னிக்கு டாக்டரு ஒண்ணும் இல்லன்னுதானே மிஸ் சொன்னாங்க. நான்தான் கெடுத்துக்கினேன். மெடல் வாங்கின சந்தோசத்துல மறுநாள் கடல்ல குளிச்சேன். உப்புத் தண்ணி உள்ள பூந்திருக்கும். இன்னைக்கு வரைக்கும் அம்மாகிட்ட அத நான் சொல்லவே இல்ல மிஸ்."

எட்டு வருடமாக அவள் தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இனி ஒரு நிமிடம் தாமதித்தாலும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. அவள் அடுத்தவரின் பையை வாங்கிக் குனிந்திருந்தாள். நான் அவள் தோளோரம் நெருங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் ஆடக் கூடாது என்று சொன்னதை, சீட்டை மறைத்ததை, வெள்ளியே போதும் என்று எனக்குத் தெரிந்திருந்ததை, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை.

அவள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். என் உதடுகள் அசைவதை அப்போதுதான் பார்த்தாள்.

"இன்னா மிஸ் சொன்னீங்க? அந்தப் பக்கம் கேக்காது. இந்தப் பக்கம் வாங்க."

நான் சுற்றிக்கொண்டு அவளுடைய இடது பக்கம் போனேன். அவள் தலையைச் சாய்த்து, தோடு போட்ட காதை என்னிடம் நீட்டினாள்.

"சாப்பிட்டியா ராணி?" என்று கேட்டேன்.

"ஆச்சு மிஸ்" என்றாள்.